கூகுள் ஃபேமிலி லிங்க்: மகளுக்குத் தெரிந்தே கண்காணித்த எட்டு மாதங்கள்

எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பிள்ளையின் கைப்பேசிப் பயன்பாட்டைப் பெற்றோர் மேற்பார்வையிடக் கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் என்ற செயலி, அவளுடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கடந்த எட்டு மாதங்களாக இயங்கி வருகிறது. பிள்ளையின் இணையப் பயன்பாட்டைக் கவனிக்க ஏதாவது செயலி போடலாமா என்று அலுவலகத்திலும் உறவிலும் பலர் என்னிடம் கேட்பதால் இதை எழுதுகிறேன். ‘போடுங்கள்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட எனக்கு வாய் வருவதில்லை. இதற்கு முன்பு வேறொரு செயலியை 11 நாட்கள் வைத்திருந்து நான் பட்ட பாடுதான் அதற்குக் காரணம் என்பதால், அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தச் செயலியின் பெயர் இங்கே தேவையில்லை. கைப்பேசிக்கு டெம்பர்டு கிளாஸ் மாற்றப் போன இடத்தில், கடைக்காரர் தாமாகவே பேச்சை எடுத்து, ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் கட்டினால் பிள்ளையின் வாட்ஸ்அப் முதற்கொண்டு அத்தனையையும் நம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றும், பிள்ளைக்குத் துளியும் தெரியாது என்றும் சொன்னார். அதற்கு முந்தைய வாரம்தான் மகள் இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் கைப்பேசியோடு இருந்ததைப் பார்த்திருந்தேன் என்பதால் மறுபேச்சின்றிச் சம்மதித்தேன். அவள் குளிக்கப் போயிருந்த இருபது நிமிடங்களில் அதை நிறுவினேன். பிளே ஸ்டோரில் கிடைக்காத செயலி என்பதால் ஒரு கோப்பைத் தனியாக இறக்க வேண்டியிருந்தது. ‘இந்தச் செயலி தீங்கானது’ என்று எச்சரித்த பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைக்க வேண்டியிருந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஆண்ட்ராய்டில் வைத்திருக்கும் அணுகல்தன்மை அனுமதியையும் அதற்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கைப்பேசி ஒவ்வொரு படியிலும் வேண்டாம் என்றுதான் சொன்னது. கடைசியில் செயலியின் சின்னம் திரையிலிருந்து மறைந்துபோயிற்று.

அதன் பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவளுடைய திரையின் படம் என் கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்தது. முதல் சில நாட்கள் வந்தவற்றில் பெரும்பாலும் ரீல்ஸும், கணக்குப் பாடத்தின் புகைப்படங்களும், பெண் பிள்ளைகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்டிக்கர்களும்தான் இருந்தன. ஒன்பதாம் நாள் வந்த படத்தில் அவளுடைய தோழி எழுதியிருந்தது முழுதாக விழுந்திருந்தது: அப்பாவுக்கு மூன்று மாதமாக வேலை இல்லை, அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் இந்தத் தவணைப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள், அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும், இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

அந்தத் தோழியின் தந்தையை எனக்கு நன்றாகத் தெரியும். திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவர்கள் அநேகமாக ஒருவரையொருவர் எப்படியாவது தெரிந்து வைத்திருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தையில், சின்ன வெங்காயக் குவியலின் முன்னால் அவரே எதிர்ப்பட்டார். வழக்கம்போல “வேலையெல்லாம் எப்படிங்க போகுது?” என்று என் வாய் கேட்டுவிட்டது, கேட்ட பிறகுதான் உறைத்தது. “பரவால்லைங்க, ஆர்டர் ஓடிட்டு இருக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே, அவர் கையில் எடுத்த வெங்காயத்தைத் தோல் உதிர உதிர உருட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்ல விரும்பாததை நான் அவர் மகளின் எழுத்திலேயே படித்தவன் என்பதை மறைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியிருந்தது. உதவ நினைத்தாலும் எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

என் பிள்ளையைக் கவனிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தோழியைப் பொறுத்தவரை எனக்கு எந்த உரிமையும் இல்லை. உரையாடலைப் படிக்கும் எந்தச் செயலியும் குறைந்தது இரண்டு பிள்ளைகளைப் படிக்கிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அன்று மாலையே செயலியை நீக்கிவிட்டு மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “அவ அனுப்புனதையும் படிச்சீங்களாப்பா?” என்பதுதான். தன்னுடையதைப் பற்றி அன்று அவள் கேட்கவேயில்லை. இரண்டு நாட்கள் என்னோடு பேசாமல் இருந்தாள்.

நீக்கிய பிறகுதான் இத்தகைய செயலிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும். டீன்ஷீல்டு என்ற பெயரிலேயே பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு செயலியை விற்ற ரெட்டினா எக்ஸ் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2019-இல் நடவடிக்கை எடுத்தது. கைப்பேசியின் பாதுகாப்பைத் தளர்த்தித்தான் அந்த நிறுவனத்தின் செயலிகளை நிறுவ முடிந்தது. அவை திரட்டிய குறுஞ்செய்திகள், இருப்பிடங்கள், புகைப்படங்கள் இருந்த சேமிப்பகத்துக்குள் 2017 பிப்ரவரிக்கும் 2018 பிப்ரவரிக்கும் இடையில் இருமுறை ஹேக்கர் ஒருவர் நுழைந்திருந்தார். 2021-இல் ஸ்பைஃபோன் என்ற மற்றொரு செயலியை விற்ற நிறுவனத்தை, கண்காணிப்புத் தொழிலிலேயே ஈடுபடக் கூடாது என்று அதே ஆணையம் தடுத்தது. பிள்ளையைப் பாதுகாக்கிறேன் என்று நாம் திரட்டும் படங்கள் முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில்தான் போய்ச் சேர்கின்றன. அங்கே அவற்றை யார் பாதுகாக்கிறார்கள் என்று நான் வாங்கிய செயலியின் கடைக்காரரிடம் கேட்டபோது, அவர் டெம்பர்டு கிளாஸுக்கு உத்தரவாதம் சொல்லும் அதே தொனியில் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க’ என்றார்.

ஃபேமிலி லிங்க் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. 2017-இல் அமெரிக்காவில் முதலில் வெளியானபோது 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான கணக்குகளுக்கு மட்டுமே இருந்த வசதி, மறு ஆண்டே பதின்வயதினரின் கணக்குகளுக்கும் விரிந்தது. சொந்தமாகக் கூகுள் கணக்கு வைத்திருக்கும் பதின்வயதுப் பிள்ளையின் கைப்பேசியில் இதை ஒளித்து நிறுவ வழியில்லை. பிள்ளையின் கைப்பேசியில் செட்டிங்ஸுக்குள் போய்ப் பெற்றோர் கட்டுப்பாடுகள் என்ற பகுதியைத் திறந்தால், பெற்றோர் தம் கணக்கின் கடவுச்சொல்லையும் பிள்ளை தன் கணக்கின் கடவுச்சொல்லையும் அங்கேயே உள்ளிட வேண்டும். பெற்றோரால் எவற்றைப் பார்க்க முடியும், எவற்றை மாற்ற முடியும் என்ற பட்டியல் பிள்ளையின் திரையில் வந்து, அதற்குப் பிள்ளை சம்மதம் தர வேண்டும். நாங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் செய்தோம். நான் எந்தச் சம்மதப் பக்கத்தையும் வாழ்நாளில் முழுதாகப் படித்ததில்லை. அவள் ஒவ்வொரு வரியாக மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். இருப்பிடம் பற்றிய வரியில் விரல் நின்றது. “இது எப்பவும் தெரியுமா?” என்று கேட்டாள், கைப்பேசி இயங்கி, இணையத்தோடும் இணைந்திருக்கும் வரை தெரியும் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, அதை அணைத்து வைப்பதென்றால் மற்றவற்றுக்குச் சம்மதம் என்றாள். அணைத்தேன். நான் விதித்திருக்கும் அமைப்புகளைத் தன் கைப்பேசியிலேயே அவளும் திறந்து பார்த்துக்கொள்ள முடியும் என்பது இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

செயலிக்குக் கட்டணம் இல்லை. பெற்றோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியோ ஐஃபோனோ எது வைத்திருந்தாலும் சரி. தாய், தந்தை இருவரும் மேற்பார்வையாளராக இருக்கலாம். ஆனால் பிள்ளையின் கையில் இருப்பது ஐஃபோன் என்றால் இதன் நேரக் கட்டுப்பாடுகள் அங்கே செல்லாது. 2018 முதல் ஐஃபோனிலேயே இருக்கும் ஸ்கிரீன் டைம் வசதியைத்தான் அவர்கள் பயன்படுத்த வேண்டும்.

நேரக் கட்டுப்பாடுதான் இதன் உயிர். கைப்பேசிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்றும், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே இத்தனை நிமிடம் என்றும், இரவில் இந்த மணி முதல் இந்த மணி வரை பூட்டு என்றும் விதிக்கலாம். கிழமைக்குக் கிழமை வேறுபடுத்தலாம். பூட்டிய நேரத்திலும் வரும் அழைப்பை எடுக்கவும் அவசர அழைப்பு விடுக்கவும் முடியும். இவையெல்லாம் சொன்னபடி வேலை செய்கின்றன. தவறுகள் என் விதிப்பில்தான் நேர்ந்தன. முதல் வாரம் யூடியூபுக்கு 45 நிமிடம் என்று வைத்தேன். அவளுடைய டியூஷன் ஆசிரியர் இயற்பியல் பாடத்தின் விளக்கங்களை யூடியூபில்தான் போடுகிறார் என்பது எனக்குத் தெரியாது. ஒலி எதிரொலிப்பைப் பற்றிய பாடத்தின் நடுவில் யூடியூப் பூட்டிக்கொண்டது. நான் தறி ஓட்டும் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது அவள் அழைத்து, “அப்பா, எக்கோ பாதியில நிக்குது” என்றாள். என் கைப்பேசியிலிருந்தே அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தேன். அந்த மாதம் இப்படிக் கொடுத்த கூடுதல் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், நான் விதித்த அளவுக்கே பொருளில்லாமல் போயிருந்தது. பாடம் படிக்கும் யூடியூபும் பொழுதுபோக்கும் யூடியூபும் செயலியின் கணக்கில் ஒன்றுதான். அந்தப் பிரிவை வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும்.

இரவுப் பூட்டிலும் இதே போன்ற சிக்கல். ஒன்பதரை மணிக்குப் பூட்டு வைத்திருந்தேன். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல் ஒன்பதே முக்காலுக்கு வரும். பிள்ளைகளின் கைப்பேசியைக் குறைக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் அறிவுரை கூறுபவர்களே வீட்டுப்பாடத்தை இரவில் கைப்பேசிக்கு அனுப்புகிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூட்டைப் பத்து மணிக்குத் தள்ளிய பிறகு வீட்டில் அமைதி திரும்பியது. போர்வைக்குள் ஒரு மணி வரை கைப்பேசி என்ற பழக்கம் இதனால் நின்றது என்று உறுதியாகச் சொல்வேன். நான் எதிர்பார்த்த பலனில் முழுதாகக் கிடைத்தது இது ஒன்றுதான்.

செயலிகளை இறக்குவதற்குப் பெற்றோரின் அனுமதி கேட்கும் வசதியும் நன்றாகவே இருக்கிறது. அவள் பிளே ஸ்டோரில் ஒன்றைத் தொட்டால் எனக்கு அறிவிப்பு வரும். செயலியின் வயதுத் தரத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கலாம், மறுக்கலாம். ஒருமுறை ஒப்புதல் பெற்ற செயலியை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினாலோ, புதிய பதிப்புக்கு மாற்றினாலோ மீண்டும் கேட்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போன ஆண்டு போகிற போக்கில் நாம் தட்டிவிட்ட ஒப்புதல் இந்த ஆண்டும் செல்லும். விளையாட்டுகளுக்குள் காசு கேட்கும் இடங்களுக்கும் அனுமதி கட்டாயம் என்று வைக்கலாம்.

இணையதளங்களை வடிகட்டும் பகுதியைப் பற்றிப் பெற்றோரிடம் பெரும் தவறான எண்ணம் இருக்கிறது. குரோம் பிரௌசரில் மூன்று தேர்வுகள் உண்டு: எல்லாத் தளங்களையும் அனுமதிப்பது, ஆபாசத் தளங்களைத் தடுக்க முயல்வது, நாம் ஒப்புக்கொண்ட தளங்களை மட்டும் அனுமதிப்பது. இரண்டாவதில் உள்ள ‘முயல்வது’ என்ற சொல்லைக் கூகுள் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறது. தடுத்தே தீருவேன் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. மூன்றாவது தேர்வு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருந்தலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு செய்முறைத் திட்டத்துக்காகப் பதினைந்து தளங்களைத் திறக்க வேண்டியிருந்தால், பதினைந்து முறை நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேலும் இந்த வடிகட்டி குரோமுக்கு மட்டும்தான். வேறு பிரௌசர் இருந்தால் அதை நாம்தான் தனியாகத் தடுக்க வேண்டும்.

இனி, இது எதைப் பார்க்காது என்பதற்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் யாரோடு பேசுகிறாள், இன்ஸ்டாகிராமில் எதைப் பார்க்கிறாள் என்பவற்றை ஃபேமிலி லிங்க் காட்டாது. வாட்ஸ்அப் 50 நிமிடம், இன்ஸ்டாகிராம் 35 நிமிடம் என்று நேரத்தை மட்டும் சொல்லும். இதைக் குறையாக எழுதும் விமர்சனங்களை நிறையப் பார்க்கிறேன். சந்தையில் அந்த வெங்காயக் குவியலின் முன்னால் நின்றவன் என்ற முறையில் இதை நான் நிறையாகவே எடுத்துக்கொள்கிறேன். அதே நேரம், முகம் தெரியாத ஆள் ஒருவர் பிள்ளையோடு பேசத் தொடங்கினால் இந்தச் செயலி நமக்குச் சொல்லாது என்பதையும் மறைக்க முடியாது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது இன்ஸ்டாகிராமின் சொந்த வசதிதான். 2024 செப்டம்பரில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்த பதின்வயதினர் கணக்கில், கணக்கு தானாகவே மற்றவர் பார்க்க முடியாததாக இருக்கும். பிள்ளை பின்தொடராத, ஏற்கெனவே தொடர்பில் இல்லாத ஆட்கள் செய்தி அனுப்ப முடியாது. இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16 வயதுக்குட்பட்டவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பெற்றோர் மேற்பார்வையை இணைத்தால், கடந்த ஏழு நாட்களில் பிள்ளை யார் யாரோடு செய்தி பரிமாறினாள் என்ற பெயர்ப் பட்டியல் தெரியும். என்ன எழுதினாள் என்பது தெரியாது. பெயரைப் பார்க்கலாம், பேச்சைப் படிக்க முடியாது என்ற இந்த எல்லை எனக்குச் சரியாகவே படுகிறது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கிய பிள்ளைக்கு இவையெல்லாம் கிடைக்காமல் போகும் என்பதால், கணக்கில் உள்ள பிறந்த தேதியை ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து சரிபார்ப்பது நல்லது. என் மகளுடைய கணக்கில் அவளுக்கு 22 வயது ஆகியிருந்தது.

எந்தச் செயலியாலும் அடைக்க முடியாத ஓட்டை எங்கள் வீட்டிலேயே இருந்தது: என் தந்தையின் கைப்பேசி. மகளின் கைப்பேசி பத்து மணிக்குப் பூட்டிக்கொண்டதும் தாத்தாவின் அறையிலிருந்து ரீல்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கும். தாத்தாவிடம் சொன்னால், “புள்ள அஞ்சு நிமிசம் பாக்கறதுல என்னடா கெட்டுப்போச்சு” என்பார். அவரோடு வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை. மூன்று வாரங்களுக்குப் பிறகு, அவரும் பத்து மணிக்குக் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட வேண்டும் என்று என் மனைவி சொன்ன பிறகுதான் அது நின்றது. மருமகள் சொல்லுக்கு மட்டும் அவரிடம் மறுப்பு கிடையாது.

இருப்பிடத்தைப் பார்க்கும் வசதியை இந்த எட்டு மாதங்களில் ஒரே ஒரு மாலை பயன்படுத்தினோம். கனமழையில் டியூஷனிலிருந்து திரும்பும் பேருந்து வராமல், அவளே என்னை அழைத்து, “அப்பா, லொக்கேஷனை ஆன் பண்ணிக்கோங்க, நான் எங்க நிக்கறேன்னு எனக்கே தெரியல” என்றாள். வரைபடத்தில் தெரிந்த புள்ளியை நம்பிப் போனால் அவள் சாலையின் மறுபக்கம் ஒரு பேக்கரித் திண்ணையில் நின்றிருந்தாள். இத்தகைய வரைபடங்களில் அந்த அளவு வேறுபாடு இயல்பு. வீட்டுக்கு வந்ததும் அணைத்துவிட்டேன், அணைத்ததை அவளிடம் காட்டினேன்.

இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது; அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது; அவர்களைப் பின்தொடர்வதற்கும் அவர்களை நோக்கிய விளம்பரங்களுக்கும் நிறுவனங்களைத் தடுக்கிறது. அதன் விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும்போது, பிள்ளை திறக்கும் பல செயலிகளுக்கு நம்மிடம் சம்மதம் கேட்கப்படும். அந்தப் பக்கங்களையாவது என் மகள் படித்ததைப் போல நானும் வரி வரியாகப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இந்தச் செயலியைப் பரிந்துரைப்பேன் என்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு, அதுவும் நாளில் இரண்டு மூன்று முறையாவது பிள்ளையின் கோரிக்கைக்கு உடனே பதில் சொல்லக் கூடியவர்களுக்கு. அமைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது; முதல் மாதம் அமைப்புகளை நான் பதினொரு முறை மாற்றியிருக்கிறேன். பிள்ளை ஏற்கெனவே மிரட்டலுக்கோ ஏமாற்றுக்கோ ஆளாகியிருக்கிறாள் என்ற ஐயம் உள்ளவர்கள் எந்தச் செயலியையும் தேடிக்கொண்டிராமல், குழந்தைகளுக்கான 1098 எண்ணையோ சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணையோ நேராக அழைப்பதே சரி.

வரும் ஜூனில் அவள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் வைத்திருக்கும் நிமிடக் கணக்கை அப்போது எடுத்துவிடுவது, செயலி இறக்கும் அனுமதியை வைத்துக்கொள்வது, இருப்பிடம் அணைந்தே இருப்பது என்ற வரை பேசி முடித்திருக்கிறோம். இரவுப் பூட்டு பத்து மணிக்கா பத்தரைக்கா என்பதில் மட்டும் இன்னும் இழுபறி நீடிக்கிறது. தாத்தா பத்தரைக்கு வாக்களித்திருக்கிறார்.